நான்காம் வேற்றுமை இல்லாத அந்தாதி

குற்றால மலையில் பிறந்து வரும் சிற்றாறு, தாமிரபரணியில் கலக்கும் இடம் சீவலப்பேரி. கயத்தாற்றுப் பக்கமிருந்து வரும் சிறிய ஆறும் அங்கேயே வந்து சேர்வதால் பழைய நூல்கள் அந்த இடத்தை முக்கூடல் என்கின்றன. முக்கூடற் பள்ளில் மூத்த பள்ளியின் ஊர் இது. ஆற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் அழகருக்கு உழும் பண்ணையும், நெல் வகைகளும், மாட்டு வகைகளும், இரண்டு மனைவியரின் சண்டையும் அந்த நூலில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இந்த ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சீ, வ, ல, ப், பே, ரி. மொத்தம் ஆறு எழுத்து. செய்யுளில் அடிக்கு எழுத்து எண்ணும் முறைப்படி மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அப்போது ஐந்து. கணினியிடம் கேட்டால் பத்து என்று சொல்லும். ஒரே பெயருக்கு மூன்று நீளம். ‘இத்தனை எழுத்தில், இன்ன எழுத்து வரும்படி ஒரு சொல் சொல்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் எண்ணிக்கையில் சண்டை வராது. இருபத்தாறு எழுத்து, கட்டத்துக்கு ஒன்று. ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்ட, மறைந்திருக்கும் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டு உலகத்தையே பிடித்துக்கொண்டதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். தமிழில் அதே கேள்வியைக் கேட்டால் எழுத்து என்பது எது, அதை எப்படி எண்ணுவது, அது எங்கே பிறக்கிறது என்று கேள்வி உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அப்படி உள்ளே போன ஒரு நிகழ்ச்சி இதே தாமிரபரணிக் கரையில் நடந்ததாகப் புலவர் வரலாறுகள் சொல்கின்றன. சீவலப்பேரிக்கு மேற்கே, ஆற்றை எதிர்த்துப் போனால் நெல்லையில் சிந்துபூந்துறை. தருமபுர ஆதீனத்தைச் சேர்ந்த வெள்ளியம்பலத் தம்பிரான் அங்கே இருந்தார். பதினேழாம் நூற்றாண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்து துறைமங்கலத்தில் தங்கியிருந்த இளம்புலவர் சிவப்பிரகாசர், இலக்கணம் படிக்க ஆசான் தேடித் தெற்கே வந்து அவர் முன் நின்றார். வந்தவருக்கு எவ்வளவு தெரியும் என்று தம்பிரான் சோதித்தார். தொல்காப்பியத்தில் கேள்வி கேட்கவில்லை. ‘கு’ என்ற எழுத்தில் தொடங்கி ‘கு’ என்ற எழுத்திலேயே முடியும்படி, இடையில் ‘ஊருடையான்’ என்ற சொல் அமைய ஒரு வெண்பாப் பாடு என்றார்.

இது எவ்வளவு நுட்பமான தேர்வு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நேரிசை வெண்பாவுக்கு மொத்தம் பதினைந்து சீர். முதல் மூன்று அடிக்கு நான்கு நான்காகப் பன்னிரண்டு, கடைசி அடிக்கு மூன்று. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடியலாம். ‘கு’வில் முடிய வேண்டும் என்று சொன்னவுடனே நாள் விலகிவிடுகிறது, ‘நகு’ போன்ற சில சொற்களைத் தவிர மலரும் விலகிவிடுகிறது, பெரும்பாலும் காசும் பிறப்பும்தான் மிச்சம். அடுத்தது ‘ஊருடையான்’. நேர், நிரை, நேர் என்று அசை பிரியும் கூவிளங்காய்ச் சீர் அது. காய்ச்சீருக்கு அடுத்த சீர் நேரசையில்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் தளை தட்டும். அந்தச் சொல்லை அடியின் தலையில் வைத்தால், எதுகைக்காக மேலடித் தலையிலும் அதே ஓசையில் இன்னொரு சொல் பொருளோடு வந்து நிற்க வேண்டும். தம்பிரான் கொடுத்தவை இரண்டு எழுத்தும் ஒரு சொல்லும்தான். அவை யாப்பின் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டுகின்றன. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று யாப்பருங்கலக் காரிகையில் வரிசையாகப் படிப்பவை அத்தனையும் ஒரு கேள்விக்குள் இருக்கின்றன.

சிவப்பிரகாசர் ‘ஊருடையான்’ என்பதைக் கடைசி அடியின் முதற்சீராக்கினார். ‘உலகு’ என்று முடித்தார், பிறப்பு வாய்பாடு. நடுவில் ஒரே ஒரு சீர், நேரசையில் தொடங்குவது. தம்பிரான் எழுந்து வந்து அவரை ஏற்றுக்கொண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. பதினைந்து நாளில் இலக்கணம் சொல்லி முடித்தார் என்றும் சொல்வார்கள். அந்த நாட்கணக்கு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். வெண்பாவும் அந்தக் கேள்வியும் நம் கையில் இருக்கின்றன, ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

கதையின் அடுத்த பகுதிதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்தது. குருகாணிக்கையாக வைத்த பொன்னைத் தம்பிரான் தொடவில்லை. திருச்செந்தூரில் ஒரு புலவர் தம்மை இகழ்ந்துகொண்டிருக்கிறார், அவர் செருக்கை அடக்கி வந்தால் அதுவே காணிக்கை என்றார். சிவப்பிரகாசர் செந்தூர் போனார். வாது மூண்டது. நிரோட்டக யமகம் பாடுவது, முதலில் பாடி முடிப்பவருக்கு மற்றவர் அடிமை என்று பந்தயம். எதிரி ஒரு பாட்டுக்கே திணறிக்கொண்டிருக்க, இவர் முப்பது பாட்டில் அந்தாதியை முடித்துவிட்டார். திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்ற அந்த நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

நிரோட்டகம் என்றால் உதடு படாத பாட்டு. தமிழ் இலக்கணம் எழுத்தை ஏட்டில் பார்ப்பதற்கு முன் வாயில் பார்த்தது. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு இயலே இருக்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்து உயிரும் இதழ் குவிந்து பிறப்பவை. ப, ம இரண்டும் இதழோடு இதழ் பொருந்திப் பிறப்பவை. வ மேற்பல் கீழிதழில் படப் பிறப்பது. இந்த எட்டும், இவற்றால் ஆன உயிர்மெய்களும் வராமல் பாடுவதே நிரோட்டகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயிரில் ஐந்து போய் ஏழு நிற்கும். மெய்யில் மூன்று போய்ப் பதினைந்து நிற்கும். பதினைந்தை ஏழால் பெருக்கினால் 105 உயிர்மெய். ஆய்தத்தையும் சேர்த்தால் கையில் இருப்பவை 128. வெளியே தள்ளப்பட்டவை 119. ஏறக்குறைய பாதி நெடுங்கணக்கு.

ஆனால் எழுத்துக் கணக்கு உண்மையான இழப்பைச் சொல்லாது. எந்த எழுத்துகள் போயின என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேற்றுமை உருபுகளை எடுத்துக்கொள்வோம். ஐ நிற்கும். மூன்றாவதில் ஆல் நிற்கும், ஒடுவும் ஓடுவும் போகும். இன் நிற்கும், அது போகும், கண் நிற்கும். நான்காம் வேற்றுமைக்கு உருபே ஒன்றுதான், கு. அது போனால் நான்காம் வேற்றுமையே இல்லை. ‘எனக்கு’ இல்லை, ‘உனக்கு’ இல்லை. ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தேன் என்று நேராகச் சொல்ல வழி அடைந்துவிடுகிறது. பிறகு ‘உம்’ போகிறது. நீயும் நானும் என்று இரண்டைச் சேர்க்க முடியாது. வந்து, நின்று, கண்டு, செய்து என்ற வினையெச்சங்கள் எல்லாம் உகரத்தில் முடிவதால் போகின்றன. நாடி, தேடி, ஆடி, இரங்கி என்று இகரத்தில் முடிபவை மட்டும் தப்புகின்றன. காலங்களைப் பாருங்கள். செய்தான் இருக்கிறது, செய்கின்றான் இருக்கிறது, செய்வான் இல்லை, நடப்பான் இல்லை. எதிர்கால இடைநிலைகளான ப்-பும் வ்-வும் உதட்டில் பிறப்பவை. அவன், அவள், அவர், அது என்ற சுட்டுப் பெயர்கள் வகரத்தாலும் உகரத்தாலும் விழுகின்றன. நாம், யாம் விழுகின்றன. யான், நான், நீ, நின், என், தான் இவை நிற்கின்றன. மரம், பழம், குளம், தவம், இன்பம் என்று மகர ஈற்றில் நிற்கும் பெயர்ச்சொற் கூட்டம் அத்தனையும் ஒரே வீச்சில் போய்விடுகிறது. குழந்தை முதலில் சொல்லும் அம்மாவும் அப்பாவும் போய், தாய், அன்னை, தந்தை, ஐயன் மிஞ்சுகிறார்கள்.

இப்போது இந்த நிலத்தில் நின்றுகொண்டு செந்தூர் முருகனைப் பாட வேண்டும். முருகன் என்று சொல்லக்கூடாது. குமரன், வேலன், ஆறுமுகன் கூடாது. வேல் கூடாது, மயில் கூடாது, சேவல் கூடாது. வள்ளி கூடாது, தெய்வானை கூடாது. இவற்றையெல்லாம் விட, ‘அருள்’ கூடாது. ரகரத்தின் மேல் ஏறியிருக்கும் உகரம் அதைத் தடுத்துவிடுகிறது. பக்தி நூல் ஒன்றிலிருந்து அருளையும் நான்காம் வேற்றுமையையும் எதிர்காலத்தையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கந்தன் இருக்கிறான். கார்த்திகேயன் இருக்கிறான். சேய் இருக்கிறது. தாள், அடி, கழல் இருக்கின்றன. கடல், கரை, அலை இருக்கின்றன. செந்தில் இருக்கிறது, திருச்செந்தூர் என்று சொன்னால் இரண்டு இடத்தில் உதடு குவியும், செந்தில் என்றால் குவியாது. எல்லாவற்றுக்கும் மேலாக யான் இருக்கிறேன், நீ இருக்கிறாய். தன்மையும் முன்னிலையும் மட்டும். மூன்றாவது ஆள் பெயர் இல்லாமல் நிற்கிறான். துதிப்பாட்டுக்கு இது போதும் என்பதைச் சிவப்பிரகாசர் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். ‘எனக்கு அருள்’ என்று கேட்க முடியாதவர் ‘என்னை ஆள்’ என்று கேட்கலாம். கொடுக்கும் உருபு போனபோது கொள்ளும் உருபு நிற்கிறது.

இதோடு விடவில்லை. யமகம் என்றால் நான்கு அடியின் தலையிலும் அதே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் வர வேண்டும். அந்தாதி என்றால் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். பாட்டு கட்டளைக் கலித்துறை என்றால் அடிதோறும் எழுத்து எண்ணிக்கை உண்டு: நேரசையில் தொடங்கும் அடிக்கு மெய் நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. யமகத்தில் நான்கு அடியும் ஒரே எழுத்துகளில் தொடங்குவதால் ஒரு பாட்டுக்கு 64 அல்லது 68 எழுத்து என்று கணக்கு இறுகிவிடுகிறது. முப்பது பாட்டுக்கு 1920க்கும் 2040க்கும் இடையில். ஏறத்தாழ இரண்டாயிரம் எழுத்து, ஒன்றில்கூட உதடு படாமல். கலித்துறை ஏகாரத்தில் முடிய வேண்டும் என்ற விதி இங்கே துணைக்கு வருகிறது. ஏகாரம் உதட்டைக் குவிக்காத உயிர்.

நிரோட்டம் பற்றிப் பேச்சு வந்தால் துறவு அதிகாரத்தின் முதற்குறளைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 341ஆம் குறள். அதைச் சொல்லும்போது உதடு ஒட்டாது, பற்று ஒட்டக்கூடாது என்பதை உதடே காட்டுகிறது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டு மகிழ்ந்த செய்தி. உதடுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பது சரிதான். ஆனால் அக்குறளில் ‘நோதல்’ என்ற சொல் இருக்கிறது. ஓகாரத்துக்கு இதழ் குவிந்தே தீரும். ஒட்டாமல் இருப்பது வேறு, குவியாமலும் இருப்பது வேறு. செந்தில் அந்தாதி ஏற்றுக்கொண்டது இரண்டாவதை.

இந்த வித்தையின் பழைய சுவடு காஞ்சியில் இருக்கிறது. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய தசகுமார சரிதத்தின் ஏழாம் பகுதியில் மந்திரகுப்தன் தன் கதையைச் சொல்கிறான். காதலியின் பற்பட்டு உதடு புண்ணாகியிருப்பதால் உதட்டெழுத்தே இல்லாமல் முழுக்கதையையும் சொல்லி முடிக்கிறான். கட்டுப்பாட்டுக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம்! அதே தண்டியின் அணி நூலைத் தழுவி எழுந்ததுதான் தமிழ்த் தண்டியலங்காரம். நிரோட்டத்துக்குத் தமிழில் இலக்கணம் சொல்லும் நூல்களில் அது முதன்மையானது. சிவப்பிரகாசரும் காஞ்சிக்காரர் என்பது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

மேலை நாட்டிலும் எழுத்தைத் தவிர்த்து எழுதியிருக்கிறார்கள். எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939இல் ‘ஈ’ என்ற எழுத்து இல்லாமல் ஐம்பதாயிரம் சொல்லுக்கு மேல் ‘கேட்ஸ்பி’ என்ற நாவலை எழுதினார். ஜார்ஜ் பெரெக் 1969இல் பிரெஞ்சில் அதையே செய்தார். பெரிய சாதனைகள்தான். ஆனால் அவர்கள் தவிர்த்தது தாளில் எழுதப்படும் ஒரு வடிவத்தை. அந்த வடிவம் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஓர் ஒலி, இன்னோரிடத்தில் வேறொலி, சில இடத்தில் ஒலியே இல்லை. தண்டியும் சிவப்பிரகாசரும் தவிர்த்தது வாயின் ஓர் உறுப்பை. பாட்டைக் கேட்பவன் ஏட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பாடுபவரின் முகத்தைப் பார்த்தாலே பந்தயம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். அவையில் வாது செய்ய ஏற்ற கட்டுப்பாடு இது.

எழுத்துக்கட்டு நம் மரபில் புலவர் செருக்கோடு மட்டும் பிறந்ததில்லை. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் திருமாலைமாற்றுப் பதிகம் பாடினார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாட்டுகள். காளமேகம் ககர வருக்கத்தை மட்டும் வைத்து ஒன்று, தகர வருக்கத்தை மட்டும் வைத்து ஒன்று பாடினார். இவற்றுக்கெல்லாம் விரிவான இலக்கணம் சொன்ன நூல்களில் ஒன்று சீவலப்பேரிக்குக் கீழே, அதே ஆற்றின் கரையில் பிறந்தது. ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய மாறனலங்காரம். மாறன் என்றால் நம்மாழ்வார். அணிகளுக்கும் எழுத்துக்கட்டுப் பாட்டுகளான சித்திரகவிகளுக்கும் கவிராயர் தாமே எடுத்துக்காட்டுப் பாட்டுகள் எழுதி, அவற்றை மாறன் புகழோடு இணைத்தார். இலக்கணம் படிப்பவன் படித்து முடிக்கும்போது தன்னையறியாமல் ஒரு துதிநூலையும் படித்து முடித்திருப்பான். சிந்துபூந்துறையில் சைவ மடம், ஆழ்வார்திருநகரியில் வைணவம். எழுத்தின் மேல் இருந்த காதல் இரண்டுக்கும் பொது.

சித்திரகவியை வெறும் சர்க்கஸ் என்று ஒதுக்குவது இருபதாம் நூற்றாண்டில் வழக்கமாகிவிட்டது. பாரதி 1912இல் எளிய சொல்லையும் எளிய நடையையும் கேட்டது நியாயமான குரல். அன்றைக்கு யமகமும் திரிபும் பாடுவதே புலமை என்று ஆகியிருந்தது. உ.வே.சாமிநாதையர் மாணவராக மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது இத்தகைய அந்தாதிகளையே முதலில் பாடம் கேட்க வேண்டியிருந்தது. பொருளை விட்டு எழுத்தைத் துரத்திய நூல்கள் ஏராளம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த ஒதுக்கலில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்துவிட்டது. தமிழின் எதிர்காலம் உதட்டில் இருக்கிறது, கொடைப்பொருள் உதட்டில் இருக்கிறது, இரண்டைச் சேர்க்கும் ‘உம்’ உதட்டில் இருக்கிறது என்பதை எந்த இலக்கண உரையும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை. ஒரு நிரோட்டகப் பாட்டை எழுத முயன்றால் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். தமிழாசிரியர்கள் பத்தாம் வகுப்பில் உருபுகளை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதில், உதடு படாமல் நான்கு வாக்கியம் எழுதச் சொல்லலாம். எந்த உருபு எங்கே வேலை செய்கிறது என்பதை அது இல்லாத இடத்தில் மாணவர்கள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

அதற்கு முன் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். திருநெல்வேலியில் ரு, வே இரண்டும் உதட்டில் படும், நெல்லை படாது. தென்காசி படாது. பாளையங்கோட்டை படும், சேரன்மகாதேவி படும், பத்தமடை படும். தாமிரபரணி படும், பொருநை என்று மாற்றினாலும் படும். சீவலப்பேரி வகரத்தில் ஒருமுறை, பகரத்தில் இருமுறை படுகிறது. முக்கூடல் என்றாலும் தப்பவில்லை. ஆனால் அங்கே கோயில் கொண்டிருக்கும் அழகர் படுவதில்லை. கீழே வந்தால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் எல்லாம் படும். நடுவில் ஏரல் மட்டும் படாது. முக்கூடற் பள்ளில் இரண்டு பள்ளியரும் மாற்றி மாற்றி ஏசும் இரண்டு கடவுளர் பெயரிலும் அரன், அரி, நாராயணன் ஆகியவை தேறும். சிவனும் திருமாலும் தேறமாட்டார்கள். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் செந்தில்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் சொல்லைப் புலவர்கள் எங்கே தேடினார்கள்? நினைவில் என்று சொல்வது பாதி உண்மை. அந்த நினைவை ஒழுங்குபடுத்தி வைத்தவை நிகண்டுகள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. அதில் சொற்கள் முதலெழுத்து வரிசையில் இல்லை. எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்து வரிசையில் நிற்கின்றன. யமகம் பாடுகிறவனுக்கு வேண்டியது அதுதான்: ஓசை ஒன்று, பொருள் பல. திரிபு பாடுகிறவனுக்கும் அதுதான், ஏனென்றால் திரிபில் முதலெழுத்து மட்டும் மாறி இரண்டாம் எழுத்திலிருந்து எல்லாம் ஒன்றாக வர வேண்டும். முதற்கட்டம் காலி, மற்றக் கட்டங்கள் நிரம்பியவை, பொருந்தும் சொற்களை எடு என்பதுதானே அந்தக் கேள்வி! சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594இல் முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்தது. பின்னர் 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்று அதில் நான்கு பகுதி. முதல் மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். நான்காவதான தொடையகராதி எதுகைக்காகச் சொல் தேடுவோருக்கென்றே அமைந்தது. இத்தாலியிலிருந்து வந்து காமநாயக்கன்பட்டி வட்டாரத்திலும் பணி செய்த அந்தப் பாதிரியார், தமிழில் பாட்டெழுதப் புகுந்தவனுக்கு எது கையில் இருக்க வேண்டும் என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். ஏட்டில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நின்றதால் வந்த குழப்பத்தைத் தீர்க்க நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தவரும் அவரே.

அச்சுக் காலத்தில் எழுத்துக்கட்டு குறுக்கெழுத்தாக வந்தது. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வெளியிட்ட புதிர் அது. 1930களில் ஆனந்த விகடன் பரிசுப் போட்டியாக நடத்தித் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. தமிழ்க் கட்டத்தில் உயிர்மெய் முழுதாக ஒரு கட்டத்தில் உட்காரும். குறுக்கேயும் நெடுக்கேயும் போகும் சொற்கள் ஒரு கட்டத்தில் சந்திக்க வேண்டுமென்றால், இருபத்தாறில் ஒன்று பொருந்துவது வேறு, இருநூற்று நாற்பத்தேழில் ஒன்று பொருந்துவது வேறு. அதனால்தான் தமிழ்க் குறுக்கெழுத்தில் கறுப்புக் கட்டம் கூடுதலாக விழுகிறது.

கணினிக்கு வந்தபோது சிக்கல் புதிய வடிவம் எடுத்தது. யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. மெய்யின் அகர வடிவமும் உயிர்க்குறியும் தனித்தனியாகப் பதிவாகின்றன. ச, பிறகு ஈகாரக் குறி, வ, ல, ப, புள்ளி, ப, ஏகாரக் குறி, ர, இகரக் குறி. சீவலப்பேரி பத்து ஆனது இப்படித்தான். ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் கணினி மூன்றெழுத்துச் சொல்லைக் கொண்டுவந்து கொடுக்கும். எழுத்துக்கு ஓர் இடம் தரும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுக்குத் துணையாக ஏற்றது. ஆனால் உலகம் யூனிகோடிலேயே எழுதுகிறது. இதில் எனக்கு வியப்பூட்டுவது ஒன்று உண்டு. எண்ணிக்கைக்கு இடைஞ்சலான அதே பிரிப்பு, நிரோட்டகச் சோதனைக்கு மிகவும் வசதியானது. ஐந்து உயிர், அவற்றின் ஐந்து குறி, ப, ம, வ என்று பதின்மூன்று குறிகளில் ஒன்றாவது சொல்லில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைச் சில பழைய கோப்புகள் இரண்டிரண்டாகப் பிரித்து வைத்திருக்கும். அவற்றை மட்டும் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தை உயிரும் மெய்யுமாக வைத்துப் பார்த்த பார்வையும், கணினி சேமிக்கும் முறையும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன.

செய்யுளியலில் தொல்காப்பியர் அடியின் நீளத்தை எழுத்தால் அளந்திருக்கிறார். நான்கு முதல் ஆறு எழுத்து குறளடி, ஏழு முதல் ஒன்பது சிந்தடி, பத்து முதல் பதினான்கு அளவடி, பதினைந்து முதல் பதினேழு நெடிலடி, பதினெட்டு முதல் இருபது கழிநெடிலடி. எல்லாம் மெய் நீக்கிய கணக்கு. தமிழில் சொல் தேடும் கருவி செய்கிறவர்கள் இந்தக் கணக்கையும் மெய் சேர்த்த கணக்கையும் தனித்தனித் தேர்வாகக் கொடுக்க வேண்டும். மரபுப் பா எழுதுகிற இளைஞர்களுக்கு முதலாவது வேண்டும். புதிர் போடுகிறவர்களுக்கு இரண்டாவது வேண்டும்.

வேர்டில் போன்ற விளையாட்டைத் தமிழில் அமைப்பதாக இருந்தால் இன்னொன்றும் தேவை. ஆங்கிலத்தில் எழுத்து சரி, அல்லது வேறிடத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை, மூன்றே விடை, மூன்றே நிறம். தமிழில் ‘பே’ இருக்கும் இடத்தில் ஒருவர் ‘பா’ என்று ஊகித்தால் அது முழுத் தவறாகாது. மெய் சரி, உயிர்தான் மாறியிருக்கிறது. ‘தே’ என்று ஊகித்தால் உயிர் சரி, மெய்யும் அதே வல்லினம். இந்த அரைப் பொருத்தங்களுக்கு நம் யாப்பில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: இரண்டாம் எழுத்தில் அதே மெய்யின் வேறு உயிர்மெய் வந்தால் வருக்க எதுகை, அதே இனத்து எழுத்து வந்தால் இன எதுகை. கட்டத்துக்கு மூன்று நிறம் போதாது. வருக்கத்துக்கு ஒரு நிறம், இனத்துக்கு ஒரு நிறம் என்று இன்னும் இரண்டு வேண்டும்.